நேர்த்தி வைத்துச் செய்த வேலைநிறுத்தம்

சம்பளம் கூடிவிட்டது என்று யாராவது வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னால் உடனே கைதட்டிவிடாதீர்கள். அந்தக் காசுக்கு இன்றைக்கு என்ன வாங்கலாம் என்று முதலில் கேளுங்கள். சங்க வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய புத்தி அவ்வளவுதான். மற்றதெல்லாம் நீங்களாக அடிபட்டுப் படிக்கவேண்டியது. ஆனால் அந்தப் புத்தி எங்களுக்கு எப்படி வந்தது என்பதையும், வந்தபிறகும் நாங்களாகவே ஒரு முடிச்சைப் போட்டு அதில் எப்படி மாட்டிக்கொண்டோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேடையில் விட்டால் இந்த மனிசன் இறங்கமாட்டார் என்று செயற்குழு பயப்படுவதால் எழுதியே தருகிறேன்.

நான் குறிகட்டுவான் துறையில் லோஞ்சு ஓடினவன். பஸ் வந்து திரும்புகிற இடத்தோடு புங்குடுதீவு முடிந்துவிடும். அதற்கப்பால் நயினாதீவுக்கோ நெடுந்தீவுக்கோ போகிறவர்கள் எஞ்சின் பூட்டிய எங்கள் லோஞ்சுப் படகுகளில்தான் ஏறவேண்டும். ஒரு லோஞ்சில் மூன்று பேர் வேலை. தண்டயல் சுக்கான் பிடிப்பார். என்னைப்போல் ஒருவன் எஞ்சினோடு கிடப்பான். மூன்றாமவன் கயிறு போட்டு ஆட்களை ஏற்றி, லோஞ்சு வெளிக்கிட்டபிறகு காசு பிடிப்பான். எங்கள் தண்டயல் சவிரிமுத்தண்ணை, நெடுந்தீவுக் கத்தோலிக்கர். தகப்பன், பாட்டன் எல்லோரும் கடலில் நின்றவர்கள். காசு பிடிக்கிறவன் இராசன், சரவணை ஊர்க்காரன், பக்திமான், வாய் கொஞ்சம் நீளம். லோஞ்சுத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர் நான். வேறொருவரும் ஏற்கவில்லை என்பதால் எனக்குக் கிடைத்த பதவி அது.

நாட்கூலியோடு பகற்சோறும் முதலாளியின் பொறுப்பு என்பது துறையின் பழைய வழக்கம். பக்கத்திலிருந்த சாப்பாட்டுக் கடையில் சோறும் மீன்குழம்பும் ஒரு மரக்கறியும் எங்களுக்கென்று இருக்கும். கடைக்காரருக்கு முதலாளி கொடுத்துக்கொள்வார். எழுபதுகளின் தொடக்கத்தில் அரிசித் தட்டுப்பாடு வந்தது. அரிசியை ஊர்விட்டு ஊர் கொண்டுபோகத் தடை, கடையில் சோறு விற்கக் கட்டுப்பாடு. முதலாளிமார் கூடிக் கதைத்துவிட்டு, சோற்றுக்குப் பதிலாகக் கையில் காசு தருகிறோம் என்றார்கள். நாங்கள் கோவிலில் பொங்கல் வாங்கிய பிள்ளைகள் மாதிரிச் சந்தோஷப்பட்டோம். காசென்றால் வீட்டுக்குக் கொண்டுபோகலாம், பசியில்லாத நாளில் மிச்சம் பிடிக்கலாம். அதற்குச் சோத்துக்காசு என்று பெயரும் வைத்தோம்.

தொடக்கத்தில் அந்தக் காசுக்கு ஒரு சாப்பாட்டுக்குரிய சாமான் வந்தது. கொஞ்சக் காலத்தில் அரை றாத்தல் பாணும் சம்பலும் வந்தன. பிறகு ஒரு வடையும் பாலில்லாத பிளேன்டீயும். கடைசியில் வடையும் போய்விட்டது. சோத்துக்காசில் ஒரு சதம்கூடக் குறையவில்லை என்பதைக் கவனியுங்கள். ஆட்சி மாறியது, கடைகளில் சாமான் நிறைந்தது, விலையும் கூடவே ஏறியது. சாப்பாட்டுக் கடையில் மறுபடியும் சோறு வேகத் தொடங்கியது. எங்கள் மூக்குக்கு மட்டும்தான் அது வந்து சேர்ந்தது. நாங்கள் வாசலில் நின்று பிளேன்டீயை ஊதிக்கொண்டிருந்தோம்.

நாட்கூலியும் அதே கதைதான். முதலாளிமார் கூட்டித் தரவே இல்லை என்று சொன்னால் பொய். எப்போதாவது கூட்டுவார்கள். கூட்டிய அன்று எங்களை வரிசையில் நிறுத்தி, பிள்ளைக்கு மிட்டாய் கொடுப்பதுபோல் தருவார்கள். ஆனால் அரிசியும் மண்ணெண்ணெயும் அதற்கு முன்னரே ஏறிப்போய் எங்களுக்காக மேலே காத்திருக்கும். அப்படியொரு கூட்டல் காசோடு நான் வீட்டுக்குப் போன அன்று என் மனிசி அதை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு சொல் சொன்னா.

"இஞ்சாருங்கோ, முந்தி நீங்கள் கொண்டந்த காசு பையை நிரப்பினது. இப்ப நீங்கள் கொண்டாற காசு கூடத்தான். பைதான் நிரம்புதில்லை."

பொருளாதாரம் படித்தவர்கள் இதை உண்மைக்கூலி என்கிறார்கள். அந்தச் சொல்லை நான் பிறகு ஒரு வகுப்பில்தான் கேள்விப்பட்டேன். குசினிக்குள் நிற்கிறவர்களுக்கு அது பெயரில்லாமலே விளங்கியிருந்தது.

கிளைக் கூட்டம் வைத்தோம். இராசன் எழும்பி, சோத்துக்காசை இரட்டிப்பாகக் கேட்போம் என்றான். எல்லோரும் ஓமென்று தலையாட்டினோம். சவிரிமுத்தண்ணை மட்டும் வலை பொத்துகிறவர்போல் குனிந்தபடி இருந்தார்.

"இரட்டிப்பாத் தருவினம் எண்டு வையுங்கோ," என்றார். "அடுத்த வருசம் அதுக்கும் பிளேன்டீதான் வரும். பிறகும் கூட்டம் வைப்பம், பிறகும் கெஞ்சுவம். காசைக் கேக்காதையுங்கோடா. சோத்தைக் கேளுங்கோ. விலை எங்கை ஓடினாலும் கோப்பைச் சோறு கோப்பைச் சோறுதான். ஓடுற விலைக்குப் பின்னாலை முதலாளி ஓடட்டும்."

அன்றைக்கு முடிவானது எங்கள் கோரிக்கை. பகற்சோறு திரும்ப வேண்டும், காசாக இல்லை, சோறாகவே. மற்ற லோஞ்சுக்காரரும் அதற்கு இணங்கினார்கள். முதலாளிமாருக்குத் தலைவராக இருந்த நாகேசு முதலாளியிடம் போய்ச் சொன்னோம். அவர் கொழும்பிலும் கடை வைத்திருந்தவர், விலை ஏறுவது எப்படியென்று எங்களைவிட அவருக்குத் தெரியும். அதனால்தான் சோறு என்றதும் முகம் சுருங்கினார்.

"காசு வேணுமெண்டால் கொஞ்சம் கூட்டிப் பாப்பம். சோறு ஏலாது," என்றார். கூட்டித் தருகிறவருக்கும் தெரியும், எது தன்னைக் கட்டும், எது கட்டாது என்று.

லோஞ்சுகளை நிறுத்துவோம் என்று எங்கள் ஆட்கள் எழும்பினார்கள். அதற்கு முந்திய வருடம் ஒருதரம் லோஞ்சுகளை நிறுத்திப் பார்த்திருந்தோம். முதலாளிமாருக்கு நொந்ததைவிட நயினாதீவுச் சனத்துக்குத்தான் நொந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஊர்காவற்றுறை ஆசுபத்திரிக்குப் போக நின்ற ஒரு பெண், தோளில் பிள்ளையோடு எங்களைப் பேசிய பேச்சை இப்போதும் மறக்கவில்லை. எங்களைப்போல ஒரு மீன்பிடிகாரன் வீட்டுப் பெண் அவ. நாங்களே அவவை ஏற்றிக்கொண்டு போய் இறக்கினோம், அத்தோடு வேலைநிறுத்தமும் இறங்கிவிட்டது. எங்கள் அடி எங்களைப்போன்றவர்கள் முதுகில் விழக்கூடாது என்பது அதில் படித்த பாடம்.

அப்படியானால் முதலாளிமாருக்கு மட்டும் நோகிறமாதிரி என்ன செய்வது? ஆனி மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. நயினாதீவு அம்மன் கோவில் கொடியேறினால் தீர்த்தம் வரைக்கும் குறிகட்டுவானில் கால் வைக்க இடமிராது. ஒரு வருடத்து உழைப்பை முதலாளிமார் அந்தத் திருவிழாவில்தான் எடுப்பார்கள். அந்த நேரம் லோஞ்சை நிறுத்தினால் காவடியோடும் கைப்பிள்ளையோடும் வருகிற சனம் எங்களைக் கடலில் தூக்கிப் போட்டுவிடும், அது நியாயமும்கூட. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. லோஞ்சை ஓட்டுவோம், காசு பிடிக்கமாட்டோம். அதை அம்மனுக்கு வைத்த நேர்த்தி என்போம். நேர்த்தியை எந்த முதலாளி தடுப்பார்? இதை முதலில் சொன்னது தான்தான் என்று நாலு பேர் உரிமை கொண்டாடினார்கள். நேர்த்தி எங்கள் கழுத்தை இறுக்கிய அன்று அந்த நாலு பேரையும் தேடவேண்டியிருந்தது.

கொடியேற்றத்தன்று எல்லா லோஞ்சுத் தொழிலாளரும் கோவில் வாசலில் கூடினோம். இராசன் கற்பூரத்தைக் கொளுத்திவிட்டு, சனம் பார்க்க, பக்திப் பெருக்கில் உரத்துச் சொன்னான்: "தாயே, இண்டையிலையிருந்து உன்ரை தீர்த்தம் முடியும்வரைக்கும் ஒரு சதமும் வாங்காமல் உன்ரை அடியாரை ஏத்தி இறக்குவம்!" அரோகரா என்று வாசலே அதிர்ந்தது. மஞ்சள் துணியில் காசு முடிந்து ஒவ்வொரு லோஞ்சின் முன்னணியத்திலும் கட்டினோம். சவிரிமுத்தண்ணை வாசலுக்கு வெளியே தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எனக்கும் புல்லரித்தது. தீர்த்தம் முடியும்வரைக்கும் என்று சொன்னானே, முதலாளிமார் இடையில் இறங்கி வந்தால் என்ன செய்வது என்று எங்களில் ஒருத்தருக்கும் அந்த நேரம் தோன்றவில்லை.

முதல் நாட்கள் நல்ல வேடிக்கை. நாகேசு முதலாளி அந்தத் திருவிழாவில் ஒரு நாள் செலவை ஏற்கிற உபயகாரர். அடியாரை இலவசமாக ஏற்றாதே என்று அவர் வாய் திறக்க முடியுமா? காசில்லாவிட்டால் கூலியும் இல்லை என்று ஆளனுப்பினார். அது எதிர்பார்த்ததுதான். பிறகு தன் மருமகனைக் காசுப்பையோடு எங்கள் லோஞ்சில் ஏற்றி அனுப்பினார். அவன் முதல் ஆளிடம் கை நீட்டியதும், பால்செம்போடு இருந்த ஒரு மனிசி கேட்டா:

"நேர்த்தி லோஞ்சிலை காசோ? மோனை, நீ ஆற்றை ஆள்? அம்மன்ரை ஆளோ, ஆற்றை ஆள்?"

லோஞ்சே சிரித்தது. மருமகன் நயினாதீவில் இறங்கிக் கும்பிட்டுவிட்டு, திரும்பும்போது எங்கள் லோஞ்சில் ஏறாமல் பின்னால் வந்த லோஞ்சில் ஒளித்துப் போனான். டீசல் தரமாட்டோம் என்றும் ஒரு காலை முயன்றார்கள். துறை நிறையச் சனம், எங்கள் தாங்கி வெறுமை. "முதலாளியிட்டைக் கேளுங்கோ" என்று நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். சனம் கேட்கப் புறப்பட்டது. டீசல் வந்துவிட்டது.

வேடிக்கை எங்கள் வீடுகளுக்குள் நுழையவில்லை. கூலி இல்லாத நாள் ஏறஏற அடுப்புகள் ஒருநேர அடுப்புகளாகின. என் வீட்டில் பனங்கிழங்கை நம்பி ஒடியற்கூழும் புழுக்கொடியலும்தான் ஓடின. ஏறுகிற அடியார்கள் இரக்கப்பட்டு எங்கள் மடியில் காசு திணிப்பார்கள். அதையெல்லாம் கோவில் உண்டியலில் போட்டோம், ஒரு சதமும் வாங்கமாட்டோம் என்று சொன்னது சொன்னதுதான். பகலில் கோவில் அன்னதானத்தில் உட்கார்ந்தோம். பகற்சோறு கேட்டுப் போராடினவர்களுக்கு அம்மன்தான் பகற்சோறு போட்டா.

தேருக்கு முன்னர் நாகேசு முதலாளி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வழமையாக முற்றத்தில் நிற்கவைத்துப் பேசுகிறவர் அன்றைக்குக் கதிரை போட்டார், தேத்தண்ணி தந்தார். தேத்தண்ணி இனித்தபோதே எனக்குச் சந்தேகம்.

"தம்பி, சரி. நீர் கேட்ட சோறு தாறம். எல்லா லோஞ்சுக்கும். நாளையிலையிருந்து கடையிலை போட்டுச் சாப்பிடுங்கோ."

வென்றுவிட்டோம் என்று எழும்பப் போனேன்.

"இரும். நாளையிலையிருந்து காசும் பிடிக்கவேணும். தேரும் தீர்த்தமும் கிடக்கு. அந்த ரண்டு நாளும் போனால் எங்களுக்கு வருசமே போச்சுது."

"நேர்த்தி தீர்த்தம் முடியுமட்டும் வைச்சிருக்கு, முதலாளி."

"அது உங்கட விளையாட்டு எண்டு எனக்குத் தெரியும், உமக்கும் தெரியும். கேட்டது கிடைச்சாச்சு. ஓமெண்டால் இண்டைக்கே ஓமெண்டு சொல்லும். தேர் முடிஞ்சு வந்தால் கதவு பூட்டு."

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் கேட்டதில் ஒரு சோற்றுப் பருக்கை குறையாமல் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார் முதலாளி. அதை வாங்கவிடாமல் தடுத்தது எங்கள் சொந்த வாய். எந்தப் போராட்டத்தையும் நிறுத்துகிற பிடி எங்கள் கையில் இருக்கவேண்டும். நாங்களோ அந்தப் பிடியைக் கற்பூரத்தோடு அம்மனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தோம். கடவுளை நம்புகிற, வாக்குக்குப் பயப்படுகிற ஆட்கள்தான் இப்படியொரு மடைத்தனம் செய்வார்கள். கெட்டிக்காரர்களுக்கு வராது.

பின்னேரம் கடைசி லோஞ்சைக் கட்டியபிறகு எல்லோரையும் எங்கள் லோஞ்சுக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். சொல்லும்போதே, ஓமென்று சொல்லுவோம் என்றுதான் என் மனம் நின்றது. அதை மறைக்கவில்லை. வீட்டில் மனிசி தனக்கு வைக்காமல் எனக்கு வார்க்கிற கூழ் என் கண்ணில் நின்றது.

ஒருத்தர் சொன்னார், "அம்மனுக்குத் தெரியாதே எங்கட வயிறு? மன்னிப்பா. ஒரு அருச்சனையைச் செய்து நேர்த்தியை முடிப்பம்."

இராசன் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். "என்ரை வாயாலை சொன்னது. எனக்கு ஏலாது. நீங்கள் பிடியுங்கோ, நான் பிடிக்கமாட்டன்."

"அப்ப உன்ரை வாய்க்காக எங்கட பிள்ளையள் பட்டினி கிடக்கிறதோ?" என்று இன்னொருவர் பாய்ந்தார். இரண்டு பேரும் கைகலக்கிற அளவுக்குப் போனார்கள். பிரித்துவிட்டேன்.

சவிரிமுத்தண்ணை எழும்பினார். அவருக்கும் வீட்டில் கஷ்டம்தான், நெடுந்தீவில் அவருடைய குடும்பம் பெரிது.

"நான் கும்பிடுறது அந்தோனியாரை. அம்மன் கோவிச்சால் நீங்கள்தான் பாருங்கோ, என்னை விட்டிடுங்கோ. நான் வேறை ஒண்டு கேக்கிறன். நாளைக்கு இராசன் போய் அந்தச் சனத்திட்டைக் கை நீட்டினால் அதுகள் என்ன சொல்லும்? சோத்துக்காகச் சாமியை வித்தவங்கள் எண்டு சொல்லும். சொல்லட்டும், அதுகூடப் பரவாயில்லை. முதலாளி என்ன நினைப்பார்? இவங்கள் கற்பூரம் கொளுத்திச் சொன்னதையே ஒரு கோப்பைச் சோத்துக்கு மாத்தினவங்கள் எண்டு நினைப்பார். பிறகு எங்கட பேச்சுக்கு ஆர் பயப்பிடுவினம்? மாரி வரும்போது சோத்தை நிப்பாட்டுவார். நிப்பாட்டினால் நாங்கள் என்ன சொல்லி வெருட்டுறது?"

கடல் லோஞ்சின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது. கைகளை உயர்த்தச் சொன்னேன். காசு பிடிப்பதில்லை என்று முடிந்தது. அருச்சனை யோசனை சொன்னவரும் கை உயர்த்தினார், கொஞ்சம் பிந்தி.

வீட்டுக்குப் போய்ச் சொன்னபோது மனிசி சட்டியை அடுப்பிலிருந்து இறக்கினா. பிறகு, "குடுத்த வாக்கை மாத்திப்போட்டு வந்திருந்தியளெண்டால் கூழும் வாத்திருக்கமாட்டன்," என்றா. கோபத்தில் சொன்னாவா, பெருமையில் சொன்னாவா என்று எனக்கு விளங்கவில்லை. சட்டியில் இருந்ததில் பெரும்பங்கை எனக்குத்தான் வார்த்தா. அன்றைக்கு நான் அதைத் திரும்ப அவவின் கோப்பையில் ஊற்றினேன்.

நாகேசு முதலாளிக்கு நானே போய்ச் சொன்னேன். கதிரை போடவில்லை. "மடையங்கள்," என்றார். அவ்வளவுதான்.

தேரன்று லோஞ்சு மூழ்குகிற அளவுக்குச் சனம். முதலாளிமாரின் ஒரு வருடத்து உழைப்பு ஒரு சதமும் தராமல் எங்கள் கண்முன்னே ஏறி இறங்கியது. தீர்த்தத்தன்றும் அப்படியே. கடைசி அடியாரை இறக்கிவிட்டு, இராசன் மஞ்சள் முடிச்சை அவிழ்த்து, காசை உண்டியலில் போட்டுவிட்டு வந்தான். எங்கள் நேர்த்தி நிறைவேறியது. எங்கள் பிடியும் அத்தோடு போய்விட்டது என்று நான் நினைத்தேன். அடுத்த நாள் குறிகட்டுவான் வழமைபோல வெறிச்சென்று கிடந்தது. நாங்கள் பழைய கூலிக்கு, பழைய சோத்துக்காசுக்கு வேலைக்குப் போனோம்.

அதன்பிறகு எங்கள் கிளை எந்தப் போராட்டம் அறிவித்தாலும் அது எப்படி முடியும் என்பதையும் சேர்த்தே முடிவெடுத்தோம். தொடங்க எல்லோருக்கும் தெரியும். எதைத் தந்தால் நிறுத்துவோம், யார் சொன்னால் நிறுத்துவோம் என்பதைத் தொடங்குமுன் பேசிக்கொள்ளுங்கள். கோபம் வந்தபிறகு அதைப் பேச முடியாது, பக்தி வந்தபிறகும் முடியாது. இந்த இடத்தில் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் வாக்கைக் காத்ததால் பயனில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கதை இன்னும் முடியவில்லை. சோற்றை விட்டுவிடுவோமா என்று கேட்டேன். ஏன் விடவேண்டும் என்றார் சவிரிமுத்தண்ணை. பூட்டின கதவென்றாலும் தட்டிப் பார்ப்போம் என்று நானும் அவரும் இராசனும் நாகேசு முதலாளி வீட்டுக்குப் போனோம். அவர் முற்றத்தில் நின்று வெங்காயம் நிறுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கையைத் துடைத்தார்.

"என்ன, பிறகும் சோறோ?"

"ஓம் முதலாளி," என்றேன்.

"திருவிழா முடிஞ்சுது. தேருக்கு முதல் குடுக்கிறன் எண்டனான், நீங்கள் வேண்டாமெண்டனீங்கள். இப்ப எதை வைச்சுக்கொண்டு வந்து நிக்கிறியள்?"

சங்கத்தின் பலம், தொழிலாளர் ஒற்றுமை என்று ஏதோ தொடங்கினேன். சவிரிமுத்தண்ணை என் தோளைத் தொட்டார்.

"ஒண்டையும் வைச்சுக்கொண்டு வரேல்லை, முதலாளி. ஒரு விசயம் சொல்லிப்போட்டுப் போகத்தான் வந்தனாங்கள். இவங்கள் தங்கட அம்மனுக்கு வைச்ச நேர்த்தியை முடிச்சுப் போட்டாங்கள். எனக்கு மனம் கேக்கேல்லை. நானும் கும்பிடுறவன். அந்தோனியாருக்கும் ஒண்டு வைக்கலாமெண்டு யோசிக்கிறன்."

நாகேசு முதலாளி நிறுக்கிற ஆளைக் கையால் நிறுத்தினார். கச்சதீவு அந்தோனியார் திருநாளுக்குத் தீவுகளெல்லாம் லோஞ்சில் போகும். ஆனித் திருவிழாவுக்கு அடுத்தபடியாக முதலாளிமார் பார்த்திருக்கிற உழைப்பு அது.

"வெருட்டுறீரோ?"

"அந்தோனியாருக்கு நேர்த்தி வைக்கிறது வெருட்டே, முதலாளி?"

"அடுத்த ஆனியிலை அம்மன் திரும்பவும் கொடியேறுவா," என்றான் இராசன். வாய் நீளம் என்று சொன்னேனே. அன்றைக்கு அந்த நீளம் சரியாக இருந்தது.

வேறு ஆட்கள் சொல்லியிருந்தால் முதலாளி சிரித்திருப்பார். நடுவில் சோற்றைக் காட்டினால் நேர்த்தி கரைந்துவிடும் என்று நினைத்திருப்பார். ஆனால் இந்த மூன்று பேரும் பட்டினி வயிற்றோடு, கையில் வந்த சோற்றைத் தள்ளிவிட்டு, தீர்த்தம் வரைக்கும் நின்றவர்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். என்னைப் பார்த்தபோது நான் கண்ணை எடுக்கவில்லை.

"சவிரிமுத்து," என்றார் கடைசியில். "அந்தோனியாருக்கு இன்னும் சொல்லேல்லைத்தானே?"

"இன்னும் இல்லை, முதலாளி."

"அப்ப சொல்லிப்போடாதையும். நாளைக்குக் கடையிலை சோத்துக்குச் சொல்லிவிடுறன். எல்லா லோஞ்சுக்கும்."

நாங்கள் படலையைத் தாண்டி ஒழுங்கை முடக்கில் திரும்பும்வரை ஒருவரும் சிரிக்கவில்லை. திரும்பியபிறகு சவிரிமுத்தண்ணை ஒரு வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு அழுகைதான் வந்தது.

அடுத்த நாள் பகல் கடையில் எங்களுக்கு இலை போட்டார்கள். சோறு, மீன்குழம்பு, ஒரு மரக்கறி. இராசன் ஒரு வாய் வைத்துவிட்டு, குழம்பில் புளி காணாது, இதைச் சும்மா விடக்கூடாது என்று எழும்பினான். அடுத்த கூட்டத்தில் கொண்டுவரச் சொல்லி இருத்தினேன்.